சவுக்கை நிறுத்திய சங்கம்

பள்ளிப் பேச்சுப் போட்டிக்காக ஸ்பார்டகஸ் நடத்திய அடிமைக் கிளர்ச்சி பற்றி என் மகள் தயார் செய்கிறாள். நம் மண்ணில் அப்படி ஏதும் நடந்ததுண்டா?
– வாசகி, சேக்காடு

உண்டு, அம்மா. கீழத் தஞ்சைப் பண்ணையாட்களைப் பற்றியும் பேசச் சொல்லுங்கள்.

கி.மு. 73இல் ரோமை எதிர்த்து எழுந்த ஸ்பார்டகஸ் படை இரண்டே ஆண்டுகளில் நசுக்கப்பட்டது. பிடிபட்ட சுமார் 6,000 பேர் அப்பியன் சாலை நெடுகச் சிலுவையில் அறையப்பட்டார்கள்.

தஞ்சைப் பண்ணையாட்கள் கடனால் தலைமுறை தலைமுறையாகக் கட்டுண்டவர்கள். பெரும்பாலோர் தலித் மக்கள். எதிர்த்துப் பேசினால் சவுக்கடி, வாயில் சாணம் கரைத்த சாணிப்பால். 1943இல் அங்கே வந்த கம்யூனிஸ்ட் தலைவர் பி. சீனிவாசராவ் இந்தப் பண்ணையாட்களை விவசாயிகள் சங்கத்தில் திரட்டினார். எல்லோரும் சேர்ந்து வேலையை நிறுத்தியதுதான் அவர்களின் பலம். 1944இல் களப்பால், மன்னார்குடி ஒப்பந்தங்களில் நிலவுடைமையாளர்களான மிராசுதார்கள் சவுக்கடியையும் சாணிப்பாலையும் கைவிடச் சம்மதித்தார்கள். 1952இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது.

விலையும் கொடுத்தார்கள். கூலி உயர்வுப் போராட்டத்தின்போது, 1968 டிசம்பர் 25 இரவு, கீழவெண்மணியில் 44 பேர் குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும்.

இப்படிக் கடனால் பிணைக்கும் கொத்தடிமை முறையை 1976ஆம் ஆண்டுச் சட்டம் ஒழித்தது. அதன் பிறகும் உங்கள் திருவள்ளூர் மாவட்டச் செங்கல் சூளைகளிலிருந்து கொத்தடிமைகள் மீட்கப்பட்டிருக்கிறார்கள். முன்பணத்தைக் காட்டி யாரையேனும் வெளியே விடாமல் வேலை வாங்குவது தெரிந்தால், கோட்டாட்சியரிடமோ மாவட்ட ஆட்சியரிடமோ உடனே சொல்லுங்கள். மகளின் பேச்சும் இந்த வேண்டுகோளோடு முடியட்டும்.