சம்மன் வாங்கிய தேதியை எழுதி வையுங்கள்



சில மாதங்களுக்கு முன் நமது அலுவலகத்துக்கு ஒரு தாய் வந்தார். மகன் வளைகுடாவில் வேலை. அவர் பெயருக்கு வந்த பாகப்பிரிவினை வழக்குச் சம்மனைக் கையெழுத்திட்டு வாங்கி, மகன் விடுப்பில் வந்ததும் காட்டலாம் என்று வீட்டுப் பத்திரத்தோடு பீரோவில் வைத்துவிட்டார். மகன் வருவதற்குள் எக்ஸ்பார்ட்டி, அதாவது ஒருதலைப்பட்சத் தீர்ப்பு ஆகிவிட்டது. “சம்மன் என் கையில் வரவில்லையே” என்றார் மகன். ஆனால் அவர் ஊரில் இல்லாதபோது, கூட வசிக்கும் வயதுவந்த குடும்பத்தினர் ஆணோ பெண்ணோ சம்மனை வாங்கினால் செல்லும் என்கிறது உரிமையியல் நடைமுறைச் சட்டம். வாங்க மறுத்தாலும் கதவில் ஒட்டிவிட்டுப் போகலாம். கதவைச் சாத்திக்கொள்வதால் வழக்கு நிற்காது.

சம்மன் சார்வான நாளிலிருந்து 30 நாளுக்குள் எதிர்வழக்குரை தாக்கல் செய்ய வேண்டும். நீதிமன்றம் காரணத்தைப் பதிவு செய்து 90 நாள் வரை அனுமதிக்கலாம். சாதாரண வழக்குகளில் அதற்கு மேலும் அபூர்வமாகச் சலுகை கிடைப்பதுண்டு. தோல் வியாபாரிகள் இதைக் கவனிக்கவும்: வணிக வழக்காகப் பதிவானால் 120 நாளோடு சரி, பிறகு எதிர்வழக்குரை போடும் உரிமையே போய்விடும்.

எக்ஸ்பார்ட்டி ஆனால் தீர்ப்பு நாளிலிருந்து 30 நாளுக்குள் ரத்து மனு போட வேண்டும். சம்மன் முறைப்படி சார்வாகாதிருந்தால் மட்டும் தீர்ப்பைப் பற்றித் தெரிந்த நாளிலிருந்து எண்ணுவார்கள். வழக்குப் போட்டவர்களும் நிம்மதியாக இருக்க முடியாது. எதிராளி வந்து நாம் வராமல் வழக்குத் தள்ளுபடியானால், அதே காரணத்துக்காகப் புதிய வழக்குப் போட இயலாது. 30 நாளுக்குள் பழைய வழக்கை மீட்க மனு செய்வதே வழி.

“வக்கீலிடம் கொடுத்துவிட்டோம், அவர் பார்த்துக்கொள்வார்” என்று பலர் சொல்கிறார்கள். என். பாலகிருஷ்ணன் எதிர் எம். கிருஷ்ணமூர்த்தி என்ற வழக்கில் நடந்ததைப் பாருங்கள். சொத்து வழக்கொன்றில் 1991-ல் பிரதிவாதிக்கு எதிராக எக்ஸ்பார்ட்டி தீர்ப்பானது. அவர் போட்ட ரத்து மனுவும் 1993-ல் ஆஜராகாத காரணத்தால் தள்ளுபடியானது. வக்கீல் அதைச் சொல்லவில்லை என்பது அவர் வாதம். தீர்ப்பை நிறைவேற்றும் சம்மன் 1995-ல் வந்தபோதுதான் விழித்துக்கொண்டார். தாமதம் 883 நாள். விசாரணை நீதிமன்றம் மன்னித்தது, உயர் நீதிமன்றம் மறுத்தது. 1998-ல் உச்ச நீதிமன்றம், எத்தனை நாள் என்பதைவிடச் சொல்லும் காரணம் ஏற்கத்தக்கதா என்பதே முக்கியம் என்று கூறி, எதிர்த்தரப்புக்குத் தொகை கட்டும் நிபந்தனையோடு மன்னித்தது. ஏழு ஆண்டு அலைந்து அவருக்குக் கிடைத்தது சொத்து அல்ல. தாமதம் பொறுக்கப்பட்டது, அவ்வளவுதான்.

அந்தத் தீர்ப்பைக் காட்டி இன்றும் சிலர் தைரியம் சொல்கிறார்கள். நாம் அதை ஏற்கவில்லை. 2024 நவம்பரில் ராஜ்னீஷ் குமார் எதிர் வேத் பிரகாஷ் வழக்கில் இதே உச்ச நீதிமன்றம், முழுப் பழியையும் வக்கீல் மேல் போட்டுத் தப்ப முடியாது, தன் வழக்கைத் தானும் கவனித்திருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டது.

ஆகவே உறையின் மேலேயே வாங்கிய தேதியை எழுதி, வெளியூரில் இருப்பவருக்கு அன்றே வாட்ஸ்அப்பில் படம் அனுப்புங்கள். வெளிநாட்டில் இருப்பவர் இந்தியத் தூதரகத்தில் அத்தாட்சி பெற்ற பவர் பத்திரம் அனுப்பி, வீட்டார் மூலம் வழக்கை நடத்தலாம். வக்கீலிடம் 16 இலக்க சி.என்.ஆர். எண்ணைக் கேட்டு வாங்குங்கள். இ-கோர்ட்ஸ் செயலியில் அதைப் போட்டால் அடுத்த வாய்தா தெரியும். படிக்கிற பிள்ளைகள் வீட்டில் இருந்தால் இரண்டு நிமிட வேலை.

வக்கீல் வைக்க வசதியில்லாதவர்கள் சட்டப் பணிகள் குழுவை அணுகலாம். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் தருவார்கள். தொலைபேசி எண் 15100. மனு எழுத உதவி தேவைப்படுவோர் சம்மனையும் உறையையும் சேர்த்து நமது அலுவலகத்துக்குக் கொண்டு வரவும்.