வண்டியில் இன்வெர்ட்டர் பொருத்துதல்

வேனில் இன்வெர்ட்டர் பொருத்த விரும்பும் அன்பர்கள் முதலில் ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தல் வேண்டும். அது பேட்டரியின் 12 வோல்ட் மின்சாரத்தை வீட்டிலுள்ளது போன்ற 230 வோல்ட்டாக மாற்றித் தருகிறது. 300 வாட் பொருளை இயக்கினால் பேட்டரியிலிருந்து 25 ஆம்பியருக்கும் மேல் இழுக்கும். சிகரெட் பற்றவைக்கும் துளையின் பியூஸோ பெரும்பாலும் 10 முதல் 15 ஆம்பியரே தாங்கும். பியூஸ் போயிற்றென்று பெரியதைச் செருகுவோர் உளர்; அப்போது பியூஸுக்குப் பதில் கம்பி உருகி, வண்டியே தீப்பற்றக்கூடும்.

ஆகவே பெரிய கருவிக்குப் பேட்டரியிலிருந்தே தடித்த கம்பி இழுத்து, நேர்முனைக்கு மிக அருகில் தக்க பியூஸ் வைத்தல் வேண்டும். வழியில் கம்பி உராய்ந்து இரும்பில் பட்டாலும் அதுவே காக்கும். பேட்டரியின் எதிர்முனையைக் கழற்றிவிட்டே வேலையைத் தொடங்குக. கருவிக்குக் காற்றோட்டம் தேவை. எஞ்சின் அறை ஆகாது. வெளிவரும் 230 வோல்ட் உயிரைப் பறிக்க வல்லது, ஈரக்கையால் தொடாதீர். எஞ்சினை நிறுத்திய பின்னும் நெடுநேரம் ஓடவிட்டால், காலையில் வண்டி கிளம்பாது.