ஓர் ஆராய்ச்சிக்கூடமும் மூன்று மாணவர்களும்

"பி.எஸ்சி. தாவரவியல் படித்தவன் மேற்கொண்டு என்ன செய்வான்?" பிள்ளையைக் கல்லூரியில் சேர்க்க வரும் பெற்றோர் பலர் கேட்கும் கேள்வி இது. கோழிப்பண்ணைக் கணக்கு, லாரி ஆபீசு, தேர்வாணையத் தேர்வு ஆகியவற்றுக்கு அப்பால் வழியில்லையோ என மாணவரும் மயங்குகின்றனர். மரபியல் ஆராய்ச்சி என்றாலோ, விலையுயர்ந்த கருவிகள் இல்லாமல் நடவாது என்பது பொதுவான எண்ணம். இவ்வெண்ணம் சரிதானா என்பதை, நம் நாட்டிலேயே நடந்த ஒரு வரலாற்றைக் கொண்டு ஆராய்வோம்.

ஆசிரியர்

ஜே.பி.எஸ். ஹால்டேன் 1892இல் இங்கிலாந்தில் பிறந்தவர். மரபியலுக்கும் பரிணாமக் கொள்கைக்கும் கணித அடிப்படை வகுத்த மூவருள் ஒருவர். ஆயினும் அறிவியலில் பட்டம் பெற்றவரல்லர்! 1957இல் கல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்திற்கு வந்தார். பின்னர் இந்தியக் குடியுரிமையும் பெற்றார். 1962இல் புவனேசுவரத்தில் மரபியல் ஆராய்ச்சிக்கூடம் அமைத்தார். கண்ணால் பார், எண்ணிக் குறி, கணக்கிட்டுச் சிந்தி என்பதே அங்கு பயிற்சி. 1964 டிசம்பர் 1 அன்று அவர் மறைந்தார். மாணவர்கள் தத்தம் வழியைத் தாமே தேட நேர்ந்தது.

மாணவர்கள்

ஆந்திரத்தைச் சேர்ந்த கிருஷ்ண துரோணம்ராஜு, ஹால்டேனுக்குக் கடிதம் எழுதி மாணவராகச் சேர்ந்தவர். அக்காள் மகளை மணக்கும் வழக்கம் நம் ஊர்களிலும் உண்டல்லவா? அத்தகைய உறவுத் திருமணங்களை ஆந்திரத்தில் கணக்கெடுத்து, அவற்றின் மரபியல் விளைவுகளை ஆராய்ந்தார். பின்னர் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் பணியாற்றினார். தம் ஆசிரியரின் வரலாற்றையும் நூலாக எழுதினார்.

சுரேஷ் ஜயகர் கணக்கில் வல்லவர். ஓராண்டு மழை, ஓராண்டு வறட்சி என்று சூழல் மாறிக்கொண்டேயிருந்தால், ஓரினத்தில் இருவகை மரபணுக்களும் அழியாது நிலைக்கக்கூடும் என்பதை 1963இல் ஹால்டேனுடன் சேர்ந்து கணித வழியில் காட்டினார். அவரே ஆள்காட்டிப் பறவையின் கூட்டருகே காத்திருந்து குறிப்பெடுத்தவரும் ஆவார். பின்பு இத்தாலியின் பாவியா நகரில் மரபியலறிஞராக விளங்கினார்.

டி.ஏ. டேவிஸ் தென்னையை ஆராய்ந்தார். தென்னையின் மட்டைகள் தண்டைச் சுற்றிச் சுருள் வரிசையில் பிறக்கின்றன. அச்சுருள் சில மரங்களில் இடமாகவும் சிலவற்றில் வலமாகவும் செல்லும். தாய்மரம் எவ்வகையாயினும் கன்றுகளில் இரண்டும் ஏறக்குறையச் சமமாகவே வந்தன. எனவே இது மரபுவழி வருவதன்று என்று உணர்ந்தார். அவர் எடுத்த கணக்கில் இடச்சுருள் மரங்களே கூடுதலாகக் காய்த்திருந்தன! பிற்காலத்தில் இந்தோனேசியாவில் தென்னை ஆராய்ச்சி செய்தார். நாகர்கோவிலில் ஹால்டேன் பெயர் தாங்கிய ஆராய்ச்சி மையத்திலும் பணிபுரிந்தார்.

நமக்குரிய பாடம்

இம்மூவருக்கும் வேலை உறுதியென்று எவரும் வாக்களிக்கவில்லை. ஒருவர் சென்ற வழியில் மற்றவர் செல்லவுமில்லை. ஆசிரியரிடம் பெற்ற பழக்கமே மூவருக்கும் முதலாயிற்று. பெற்றோரின் கேள்விக்கு இது முழு விடையாகாது. வறுமை ஒருவனை எவ்வளவு காலம் காத்திருக்க விடும் என்பதையும் நாம் மறத்தலாகாது. ஆனால் கருவி இல்லையே என்ற காரணம் மட்டும் இனிச் செல்லாது.

மோகனூர், பரமத்தி வேலூர்க் காவிரிக்கரைத் தோப்புகளில் தென்னைக்குப் பஞ்சமில்லை. வரும் விடுமுறையில் ஒரு நோட்டும் பென்சிலுமாகச் சென்று, நூறு மரங்களில் இடச்சுருள் எத்தனை, வலச்சுருள் எத்தனை, எம்மரம் எத்தனை காய் என்று எண்ணிப் பார்ப்போமா?