புண்ணுக்குக் கட்டும் சாரம்

இராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் நெய்யப்படும் கட்டுத்துணி வெளியூர் வைத்தியசாலைகளுக்குச் செல்வதை இப்பகுதியார் யாவரும் அறிவர். அத்துணி புண்ணை மூடும், குருதியை உறிஞ்சும், தூசியைத் தடுக்கும். புண்ணை ஆற்றுவதோ உடலின் தொழில். புண் சிறிதாயின் உடலே அதனை முடித்துக்கொள்ளும். எலும்பின் பெருந்துண்டு சிதைந்து போயினும், தோல் பரந்து வெந்துபோயினும், புதிய உயிரணுக்கள் பற்றி ஏறுதற்கு இடமின்றிப் போகும். ஆண்டு வேண்டப்படுவது துணியன்று, சாரம்.

சாரம் என்று யாம் கூறியது கொத்தர் கட்டும் மரச்சாரத்தையே. ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரம் போல்வன திருப்பணி பெறுங்கால் அவற்றைச் சூழ நிற்கும் கழிகளை நினைவு கூர்க. வேலை நடக்குமளவும் அவை உறுதியாய் நிற்றல் வேண்டும்; முடிந்தபின் அவிழ்க்கப்படல் வேண்டும். உடலினுள் வைக்கும் சாரத்திற்கும் இவ்விரண்டுமே இலக்கணம்.

உடல் தனக்கென நெய்துகொண்ட சாரம் கொல்லாஜென் என்னும் புரதம். அதன் அமைப்பைச் சென்னைப் பல்கலைக் கழகத்து ஜி. என். இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் 1954, 1955 ஆம் ஆண்டுகளில் வெளியிட்டனர். அவர் ஆராய்ந்தது கங்காரு வாலின் தசைநார் என்பது கேட்போர்க்கு வியப்பாகும். மூன்று இழைகள் ஒன்றையொன்று தழுவி முறுக்கேறிய கயிறு அது. இழைதோறும் ஒவ்வொரு மூன்றாம் இடத்தும் கிளைசீன் என்னும் மிகச் சிறிய அமினோ அமிலம் அமைந்தமையாலேயே அத்துணை நெருங்கி முறுக்க இயலுகின்றது. நூற்பாலைகள் நிறைந்த ஊரார்க்கு முறுக்கின் வலிமையை யாம் விரித்துரைக்க வேண்டா. ஆயினும், பிரித்தெடுத்துப் பஞ்சுபோல் ஆக்கிய கொல்லாஜென் மெலிந்தது. எலும்பு தாங்கும் பாரத்தைத் தாங்காது.

இக்குறையை நீக்கவே கிராபீன் ஆக்ஸைடை நாடினர். பென்சிலில் உள்ள கிராபைட்டு, ஏடேடாக அடுக்கிய கரி. கந்தக அமிலமும் பொட்டாசியம் பெர்மாங்கனேட்டும் கூட்டி வினைப்படுத்தினால் அதில் ஆக்ஸிஜன் ஏறும்; நீரில் இட்டு அலைத்தால் ஏடுகள் பிரியும். ஓர் ஏட்டின் கனம் ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழப் பத்து இலட்சத்தில் ஒரு பங்கே. ஏட்டின் ஓரத்துள்ள கார்பாக்ஸில் தொகுதியோடு புரதத்தின் அமினோ தொகுதியைப் பிணைக்கலாம். இவ்வேடுகளைச் சிறிதே சேர்ப்பினும் கொல்லாஜென் பஞ்சின் விறைப்பு மிகுகின்றது.

ஆனால் உயிரணுவுக்குக் கரியேடு அயலான பொருள். அறிமுகம் செய்வது பெப்டைடு. ஆர்ஜினீன், கிளைசீன், ஆஸ்பார்டிக் அமிலம் என்னும் மூன்றும் இவ்வரிசையில் நின்றால் உயிரணு பற்றிக்கொள்ளும் என்பதைப் பியர்ஷ்பாகரும் ருவோஸ்லாதியும் 1984 இல் காட்டினர். இச்சிறு சங்கிலியை ஏட்டின்மேல் ஒட்டுவர்.

இனி, அவிழ்த்தல். கொல்லாஜெனை உடலின் நொதிகள் கரைத்துவிடும். கரியேடோ? வெள்ளணுக்களில் உள்ள மைலோபெராக்ஸிடேஸ் என்னும் நொதி, நீரில் நன்கு பிரிந்து மிதக்கும் ஏடுகளைச் சிதைப்பதையும், திரண்டு கட்டியானவற்றைச் சிதைக்க மாட்டாமையையும் 2015 இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. அளவு மிகின் ஏடுகள் உயிரணுவுக்குத் தீங்கும் செய்யும். எனவே இப்பொருளை நாளையே நோயாளிக்கு இடலாம் என்பாரோடு யாம் உடன்படோம். இத்துறை ஆய்வுரை ஒன்றைக் கையிலெடுக்கும் மாணவர், விறைப்பு எத்தனை மடங்கு மிகுந்தது என்னும் வரியினும், விலங்கின் உடலில் எத்தனை வாரம் வைத்துப் பார்த்தனர் என்னும் வரியை முதலில் தேடுக.