பக்கத்துப் பட்டறையோடு கைகோப்பது எப்படி?

கோவை கணபதியிலோ ஆவாரம்பாளையத்திலோ இரண்டு லேத்தும் ஒரு மில்லிங் எந்திரமும் வைத்து ஜாப் ஆர்டர் செய்பவரின் ஒரு நாளை எண்ணிப் பாருங்கள். காலையில் இரும்புக் கடை, பிறகு எந்திரம், மதியம் ஹீட் ட்ரீட்மென்ட், மாலையில் பில் பணம் கேட்டு ஒரு கம்பெனி வாசல், இரவில் ஜி.எஸ்.டி. கணக்கு. எல்லாம் ஒரே ஆள். அதே தெருவில் இன்னும் பத்துப் பேர் இதே அலைச்சலைத் தனித்தனியாக அலைகிறார்கள். சேர்ந்து செய்தால் மிச்சமாகும் என்பது யாருக்கும் தெரியாததல்ல. ஆனால் பேச்செடுத்தவுடன் சங்கம், தலைவர், செயலாளர், தொடக்க விழா என்று போய், மூன்றாவது கூட்டத்தோடு நின்றுவிடுகிறது.

சேர்வது ஒரு செலவில் தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். ஒரே ஒரு செலவை நான்கைந்து பேர் பகிர்ந்து, ஆளுக்குச் சில ஆயிரம் மிச்சம் கண்டுவிட்டால் அடுத்ததைப் பற்றிப் பேச யாரையும் கெஞ்ச வேண்டியதில்லை. எந்திரப் பட்டறைகளை மனத்தில் வைத்தே எழுதுகிறேன். தையலகமோ பேக்கரியோ அச்சகமோ நடத்துகிறவர்கள் பொருளின் பெயரை மட்டும் மாற்றிப் படித்துக்கொள்ளலாம்.

முதலில் ஒரு நோட்டு

ஒரு மாதம், தனியாக இருப்பதால் உங்களுக்கு எங்கே நட்டம் என்பதை மட்டும் குறித்து வாருங்கள். கட்டிங் டூல் இன்சர்ட்டை ஐந்து ஐந்தாக வாங்கியதால் கூடுதல் விலை கொடுத்தது. அரை வண்டிச் சரக்குக்கு முழு வண்டி வாடகை கொடுத்தது. எந்திரம் போதாமல் திருப்பி அனுப்பிய ஆர்டர். வேலையில்லாமல் மில்லிங் நின்ற நாட்கள். வராத பில் பணம். மாதக் கடைசியில் இவற்றில் எது அதிகம் தின்கிறது என்பது தெரிந்துவிடும். அதைத்தான் முதலில் எடுத்துக்கொண்டு மற்றவர்களிடம் பேசப்போகிறீர்கள். “நாம எல்லாரும் ஒண்ணா இருக்கணும்” என்று போனால் தலையாட்டுவார்கள். “இன்சர்ட்டுக்கு மாசம் எவ்வளவு போகுதுங்க?” என்று கேட்டால் உட்கார்ந்து பேசுவார்கள்.

யாரோடு சேர்வது

நான்கிலிருந்து ஆறு பேர் போதும். அதற்கு மேல் போனால் முடிவெடுப்பதற்கே ஒரு கூட்டம் வேண்டியிருக்கும்.

ஆளைப் பற்றி விசாரிக்க வேண்டிய இடம் அவருடைய வாடிக்கையாளர்களிடம் அல்ல. இரும்புக் கடைக்காரரிடமும் ஹீட் ட்ரீட்மென்ட் செய்பவரிடமும்தான். யார் சொன்ன தேதியில் பணம் தருகிறார், யார் சரக்கில் குறை சொல்லிப் பாதியைப் பிடிக்கிறார் என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துபடி. வேலைத்திறமையைவிட இந்தக் குணத்தையே நான் முன்னால் வைப்பேன். கைத்திறன் குறைந்தவருக்குச் சொல்லிக் கொடுக்க முடியும். பணத்தில் வாய்தா சொல்கிறவர் நான்கு பேரையும் சேர்த்துக் கவிழ்த்துவிடுவார்.

எந்திரங்கள் வேறுவேறாக இருப்பது நல்லது. உங்களிடம் லேத், அவரிடம் சி.என்.சி., இன்னொருவரிடம் கிரைண்டிங் என்றால் ஒருவருக்கொருவர் தேவை தானாக வரும். அதற்காக ஒரே வேலை செய்பவரை ஒதுக்கவும் வேண்டாம். போட்டியாளருக்கும் உங்களுக்கும் வாங்க வேண்டிய பொருள் ஒன்றே. கூட்டுக் கொள்முதலுக்கு அவரைவிடப் பொருத்தமானவர் கிடையாது.

பேச்சைத் தொடங்கத் தயங்குகிறவர்கள் உதவி கேட்பதைவிட வேலை கொடுப்பதில் தொடங்கலாம். “அண்ணா, உங்க மில்லிங் ரெண்டு நாளா சும்மா நிக்குதுன்னு கேள்விப்பட்டேனுங்க. என்கிட்ட ஒரு சின்ன வேலை இருக்குதுங்க, செஞ்சு தர்றீங்களா?” ஒரு வேலையும் அதற்கு ஒழுங்காகக் கொடுத்த கூலியும் பத்துக் கூட்டங்களுக்குச் சமம்.

கூட்டுக் கொள்முதல்

முதல் முயற்சிக்கு இதுவே எளிது. எல்லோரும் வாங்குகிற, கெட்டுப்போகாத, தரத்தில் சண்டை வராத பொருளாக எடுங்கள்: கூலன்ட் எண்ணெய், இன்சர்ட், வெல்டிங் ராடு, பேக்கிங் அட்டைப் பெட்டி. மூன்று மாதத் தேவையைக் கூட்டி எழுதி, இரண்டு மூன்று விநியோகஸ்தர்களிடம் விலை கேளுங்கள்.

இங்கே பலர் தவறுகிற இடம் பில். ஒருவர் தன் பெயரில் மொத்தமாக வாங்கி மற்றவர்களுக்குப் பிரித்துக் கொடுத்தால் ஜி.எஸ்.டி. பார்வையில் அது விற்பனை. அவர் ஒவ்வொருவருக்கும் வரியோடு பில் போட வேண்டும். அந்தத் தொகை அவருடைய விற்றுமுதலிலும் ஏறும். காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவர் என்றால் சிக்கல் இன்னும் கூடும்; அவர் தரும் பில்லைக் காட்டி மற்றவர்கள் உள்ளீட்டு வரி வரவு எடுக்க முடியாது. ஆகவே விலையை மட்டும் சேர்ந்து பேசுங்கள். பில்லை அவரவர் பெயரில், அவரவர் ஜி.எஸ்.டி. எண்ணில் தனித்தனியாகக் கேட்டு வாங்குங்கள். பணமும் அவரவர் கணக்கிலிருந்தே போகட்டும். மொத்த அளவு உறுதியென்றால் பெரும்பாலான விநியோகஸ்தர்கள் இதற்கு ஒத்துக்கொள்வார்கள்.

ஆர்டரைப் பகிர்வது

உண்மையான பலன் இங்கேதான் இருக்கிறது, ஆபத்தும் இங்கேதான். பதினைந்து நாளில் 2,000 ஷாஃப்ட் வேண்டும் என்று ஒரு கம்பெனி கேட்கிறது. உங்களால் 1,200தான் முடியும் என்று வைத்துக்கொள்வோம். வழக்கமாக இரண்டில் ஒன்று நடக்கும்: முடியாது என்று சொல்லி ஆர்டரை இழப்பது, அல்லது முடியும் என்று சொல்லித் தாமதித்துப் பெயரை இழப்பது. மூன்றாவது வழி 800-ஐப் பக்கத்துப் பட்டறைக்குக் கொடுப்பது. அதற்கு முன் செய்ய வேண்டியவை கொஞ்சம் உண்டு.

வாடிக்கையாளரின் பர்ச்சேஸ் ஆர்டரை முழுக்கப் படியுங்கள். வேலையை வெளியே கொடுக்கக் கூடாது என்ற நிபந்தனை பலவற்றில் இருக்கும். இருந்தால் முன்கூட்டியே சொல்லி அனுமதி வாங்குங்கள், மின்னஞ்சலில். தெரியாமல் கொடுத்துப் பிறகு தெரிந்தால் ஆர்டரோடு நம்பிக்கையும் போய்விடும்.

அளவு பார்க்கும் கருவி இரண்டு இடத்திலும் ஒத்துப்போக வேண்டும். உங்கள் மைக்ரோமீட்டரில் சரியாக இருப்பது அவருடையதில் இரண்டு மைக்ரான் தள்ளி இருந்தால் யார் மீதும் தப்பில்லாமலே சண்டை வரும். முதல் ஐந்து பீஸை இருவரும் ஒரே இடத்தில் உட்கார்ந்து அளந்து, அதில் ஒன்றை மாதிரியாகக் கையெழுத்திட்டு வைத்துக்கொள்ளுங்கள். கேஜ் வேண்டிய வேலைக்கு ஒரே கேஜையே இருவரும் பயன்படுத்துவது உத்தமம்.

சரக்கு டெலிவரி சலானோடுதான் நகர வேண்டும். ஜாப் ஒர்க்குக்கு அனுப்பும் மூலப்பொருளை வரி கட்டாமல் அனுப்ப ஜி.எஸ்.டி. சட்டத்தில் இடமுண்டு, ஆனால் ஓராண்டுக்குள் அது திரும்பி வர வேண்டும் அல்லது அங்கிருந்தே பில் போட்டு வெளியே போக வேண்டும். தெருவைத் தாண்டினால் போதுமே என்று டி.வி.எஸ். ஃபிஃப்டியில் வைத்து அனுப்புகிற பழக்கத்தை நிறுத்திவிடுங்கள். சலான் வரி அதிகாரிக்கு மட்டும் வேண்டியதன்று. எத்தனை பீஸ் போனது, எத்தனை வந்தது என்பதற்கு உங்கள் இருவருக்கும் உள்ள ஒரே சாட்சி அது.

அடுத்து ரிஜெக்ஷன். மூலப்பொருளில் குறை என்றால் கொடுத்தவர் பொறுப்பு, மெஷினிங்கில் குறை என்றால் செய்தவர் பொறுப்பு. செய்தவர் கூலியை மட்டும் இழப்பாரா, இரும்பின் விலையையும் தருவாரா என்பதை வேலை தொடங்குமுன் முடிவு செய்யுங்கள். நான் பார்த்தவரை கூட்டு முறிகிற இடங்களில் பாதி இதில்தான்.

மீதிப் பாதி வாடிக்கையாளரைத் தட்டிக்கொண்டு போவது. டிராயிங்கைப் பார்த்தவர் நாளைக்கே அந்தக் கம்பெனி வாசலில் போய் நின்றால்? இதற்கு வெட்கப்படாமல் எழுத்தில் ஓர் ஒப்பந்தம் போடலாம்: இந்த வாடிக்கையாளரிடம் இத்தனை மாதத்துக்கு நேரடியாகப் போவதில்லை. ஒரு பக்கம் போதும். அளவு, தேதி, கூலி, ரிஜெக்ஷன், பணம் தரும் நாள், வாடிக்கையாளர் பற்றிய உறுதி என்று ஆறு வரி எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். எழுதிக் கேட்பது நம்பாததாகிவிடுமே என்று தயங்குகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன்: மறதி இருவருக்குமே உண்டு. எழுத்து அதற்காக.

கூலியை நீங்கள் எப்போது கொடுப்பீர்கள்? கம்பெனி கொடுத்த பிறகு என்பது நியாயமான பதிலாகத் தோன்றும். சட்டப்படி அது செல்லாது. ஆர்டரைப் பகிர்ந்த அந்த நிமிடமே நீங்களும் ஒரு கொள்முதலாளர் ஆகிவிடுகிறீர்கள். பெரிய கம்பெனிக்கு உள்ள அதே காலக்கெடு உங்களுக்கும் உண்டு.

வராத பணத்துக்குச் சேர்ந்து நிற்பது

அந்தக் காலக்கெடு எது? 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் வளர்ச்சிச் சட்டப்படி, குறு, சிறு நிறுவனத்திடம் பொருளோ சேவையோ பெற்றவர் எழுத்தில் ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாளில் பணம் தர வேண்டும். ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் போகக் கூடாது. தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வட்டியைப்போல் மூன்று மடங்கு, மாதாமாதம் கூட்டு வட்டியாக. 2023-24 நிதியாண்டு முதல் வருமான வரிச் சட்டமும் சேர்ந்துகொண்டது: கெடுவுக்குள் தராத தொகையை, உண்மையில் பணம் கொடுக்கும் ஆண்டு வரை, வாங்கியவர் செலவாகக் காட்ட முடியாது.

இந்தப் பாதுகாப்பைக் கேட்க, குறு, சிறு நிறுவனம் என்று காட்டும் உதயம் பதிவு முன்பே கையில் இருக்கட்டும். அரசுத் தளத்தில் அதற்குக் கட்டணம் கிடையாது. காசு கேட்கும் இடைத்தரகரிடம் போகாதீர்கள். பில்லில் உதயம் எண்ணை அச்சிடுங்கள். சரக்கைப் பெற்றதற்கான முத்திரையோடு சலான் நகலை வைத்துக்கொள்ளுங்கள். பணம் வரவில்லையென்றால் சென்னை, கோவை, மதுரை, திருச்சியில் உள்ள குறு, சிறு தொழில் வசதியாக்க மன்றங்களில் இணையவழியாக முறையிடலாம். மன்றத்தின் தீர்ப்பை எதிர்த்து நீதிமன்றம் போக நினைக்கும் கம்பெனி முதலில் 75 சதவீதத் தொகையைக் கட்ட வேண்டும்.

சட்டம் இவ்வளவு வலுவாக இருந்தும் ஏன் பலர் முறையிடுவதில்லை? அடுத்த ஆர்டர் போய்விடுமே என்ற பயம். தனி மனிதர் அந்தப் பயத்தைத் தாண்டுவது கடினம். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆகவே கூட்டாகச் செய்யுங்கள். ஒரே கம்பெனியிடம் பணம் நிற்கும் நான்கு பேர் நிலுவைப் பட்டியலை ஒரே தாளில் எழுதி, சேர்ந்து போய்ப் பர்ச்சேஸ் மேலாளரைப் பாருங்கள். நான்கு பேரையும் ஒரே நாளில் விட்டுவிட்டு உற்பத்தியை ஓட்ட எந்தக் கம்பெனிக்கும் எளிதில் முடியாது. மன்றத்துக்குப் போவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

பொதுப் பணம்

நம் மண்ணில் இதற்குப் பழைய முறை ஒன்று உண்டு. விருதுநகர், சிவகாசி, அருப்புக்கோட்டைப் பகுதி நாடார் வணிகர்கள் விற்ற சரக்கின் மீது ஒரு சிறு தொகையை மகமையாக எடுத்துவைத்தார்கள். சரக்கைப் பத்திரமாக இறக்கிவைக்கும் பேட்டைகளைப் பராமரிப்பது முதல் விருதுநகரில் 1889-இல் பள்ளி தொடங்கியது வரை அந்தப் பணத்தில் நடந்தது. அது ஒரு சாதியின் வட்டத்துக்குள் நின்றது. இன்றைக்கு எடுக்க வேண்டியது முறையை மட்டும். தெருவில் தொழில் செய்யும் எல்லோருக்கும் அதில் இடம் வேண்டும்.

மகமையின் நுட்பம், தொழில் நடந்தால் பணம் சேரும், நடக்காத மாதம் யாரையும் அழுத்தாது என்பதில் இருக்கிறது. மாதச் சந்தாவைவிட இது நல்லது. பகிர்ந்த ஆர்டரின் கூலியில் ஒரு சிறு சதவீதம் என்று வையுங்கள். வங்கிக் கணக்கு இரண்டு கையெழுத்தில் இருக்கட்டும். மாதக் கணக்கை எல்லோர் கைபேசிக்கும் அனுப்புங்கள். இந்தப் பணத்தை வட்டிக்கு விடாதீர்கள். குழுவைச் சீட்டாகவும் மாற்றாதீர்கள். பதிவில்லாத சீட்டு 1982-ஆம் ஆண்டின் சட்டப்படி குற்றம். அதைவிட, ஒருவர் தவணை தவறினால் தொழில் உறவும் சேர்ந்தே அறுந்துபோகும்.

சங்கம் எப்போது?

ஒன்றிரண்டு ஆண்டு இப்படி ஓடிய பிறகு. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இன்படி ஏழு பேர் சேர்ந்தால் மாவட்டப் பதிவாளரிடம் பதிவு செய்யலாம். சில காரியங்களைச் சங்கம் இல்லாமல் செய்யவே முடியாது. கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்கு 2020-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கோவை வெட் கிரைண்டருக்கு அதற்கும் முன்பே. புவிசார் குறியீட்டை எந்தத் தனிக் கடைக்காரரும் தன் பெயரில் வாங்க முடியாது. ஏற்கெனவே இருக்கும் பெரிய சங்கங்களிலும் சேருங்கள். 1969-இல் தொடங்கிய கொடிசியா கோவைச் சிறுதொழில்களுக்குச் சொந்தமாகக் கண்காட்சி வளாகமே கட்டிக் கொடுத்திருக்கிறது.

ஓர் எச்சரிக்கை. சங்கம் கூடியவுடன் முதலில் எழும் ஆசை, “இனிமே மணிக்கு இவ்வளவுக்குக் குறைஞ்சு யாரும் செய்யக் கூடாது” என்பது. அதன் பின்னால் உள்ள வலி உண்மையானது. ஆனால் போட்டியாளர்கள் கூடி விற்பனை விலையை நிர்ணயிப்பது 2002-ஆம் ஆண்டின் போட்டிச் சட்டத்துக்கு எதிரானது; அபராதம் சங்கத்தின் மீதும் பாயும். மாற்று வழி, மின்சாரம், தேய்மானம், வாடகை, சம்பளம், சொந்த உழைப்பு எல்லாம் சேர்த்து எந்திரத்துக்கு மணிக்கு என்ன செலவு என்று கணக்கிடும் முறையை எல்லோரும் கற்றுக்கொள்வது. விலையை அவரவர் தனியாக முடிவு செய்யட்டும். அடிமாட்டு விலைக்கு எடுப்பவர்களில் பலர் தங்கள் செலவே தெரியாமல் எடுப்பவர்கள்.

கடைசிக் கட்டம் பொது வசதி மையம்: சோதனைக்கூடம், விலை உயர்ந்த எந்திரம், கழிவு சுத்திகரிப்பு. மாவட்டத் தொழில் மையத்தின் வழியாக ஒன்றிய, மாநில அரசுகளின் குழுமத் திட்டங்களில் பெரும்பகுதி மானியமாகக் கிடைக்கும். அதற்கு உறுப்பினர்கள் பங்கு போட்டு ஒரு நிறுவனம் அமைக்க வேண்டும். பம்பு உற்பத்தியாளர்கள் தங்கள் சங்கமான சீமாவின் வழியாக உருவாக்கிய சிடார்க் சோதனைக்கூடம் நல்ல முன்மாதிரி. திருப்பூர் சாயப்பட்டறைகளின் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் இன்னொரு பாடம். நிலையங்கள் இருந்தும் கழிவு நொய்யலுக்குப் போவது நிற்கவில்லை. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற ஆணையால் பட்டறைகள் மொத்தமாக மூடப்பட்டன. பிறகு கழிவுநீரைத் துளியும் வெளியே விடாத முறைக்கு மாறியே திறந்தன.

கட்டுவதற்கு மானியம் வரும், நடத்துவதற்கு வராது. ஆகவே விண்ணப்பத்தில் கையெழுத்திடுமுன் ஒவ்வோர் உறுப்பினரும் மாதம் எத்தனை மணி நேர வேலை தருவேன் என்று எழுதித் தரட்டும். அதைக் கூட்டிப் பாருங்கள். ஆபரேட்டர் சம்பளமும் மின்கட்டணமும் அந்தத் தொகைக்குள் அடங்கவில்லையென்றால் எந்திரத்தைச் சிறியதாக்குங்கள், அல்லது இன்னும் ஓர் ஆண்டு பொறுத்திருங்கள்.