பழைய இசைத்தட்டும் விற்றவர் சொன்ன சொல்லும்

கேள்வி: ஐயா, தஞ்சாவூரில் வசிக்கும் நான், மூன்று வாரங்களுக்கு முன் சென்னை சென்றிருந்தபோது ஒரு ரிக்கார்டு கடையில் இரண்டு எல்.பி. தட்டுகள் வாங்கினேன். ஒன்று 1970-களில் வெளிவந்த சினிமாப் பாட்டுத் தட்டு. உறைமேல் ‘முதல் அச்சு, வி.ஜி. பிளஸ்’ என்று சீட்டு ஒட்டி 4,500 ரூபாய் வாங்கினார்கள். கடையில் புரட்டிப் பார்த்தேனே தவிர, போட்டுக் கேட்கவில்லை. வீட்டில் போட்டால், இரண்டாம் பக்கத்தில் முள் ஒரே இடத்தில் சுற்றுகிறது. அது மறு அச்சு என்றும் ஒரு நண்பர் சொல்கிறார். மற்றது 2,200 ரூபாய்க்கு வாங்கிய, பிரிக்காத புதுத் தட்டு. அதில் வெளியிட்டவர் பெயரோ விலாசமோ எங்கும் இல்லை. பணம் ஜிபே மூலம் செலுத்தினேன். பிறகு கொடுத்த துண்டுச் சீட்டில் ‘விற்ற சரக்கு திரும்பப் பெறப்படமாட்டாது’ என்று முத்திரை இருக்கிறது. பழைய பொருளுக்கு உத்தரவாதம் கிடையாது என்கிறார் கடைக்காரர். பணம் திரும்பக் கிடைக்குமா? என் தந்தையார் கேட்பதற்காகத் தட்டுகளைப் பென்டிரைவில் பதிவு செய்தால் குற்றமாகுமா?

— ஒரு வாசகர், தஞ்சாவூர்

பதில்: பொருள் பழையது என்ற ஒரே காரணத்தால், அதை விற்பவர் தாம் சொன்ன சொல்லுக்குக் கட்டுப்பட வேண்டியதில்லை என்ற எண்ணம் நம் கடைவீதிகளில் வேரூன்றியிருக்கிறது, ஆயினும் சட்டம் அதற்கு இடம் கொடுக்கவில்லை. இரண்டு தட்டுகளுக்கும் பணத்தைத் திரும்பக் கேட்கத் தங்களுக்கு உரிமையுண்டு என்பதே என் அபிப்பிராயம்.

சினிமாத் தட்டை முதலில் எடுத்துக்கொள்வோம். ஒரு பொருள் இன்னது என்று விவரித்து விற்கப்படுமானால், அது அந்த விவரத்துக்கு ஒத்திருந்தே தீரவேண்டும் என்பதை, சொல்லாமலே அடங்கிய நிபந்தனையாக 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம் 15-ஆவது பிரிவில் விதித்திருக்கிறது. புதியது, பழையது என்ற பேதம் அங்கே இல்லை. ரிக்கார்டு சேகரிப்பவர்களிடையே ‘முதல் அச்சு’ என்பது வியாபாரப் புகழ்ச்சி அன்று; அதே பாடல்கள் அடங்கிய இரண்டு தட்டுகளின் விலை பெரிதும் வேறுபடுவதற்கு அந்த ஒரு சொல்லே காரணமாகிறது. ‘வி.ஜி. பிளஸ்’ என்பதும் அத்தகையதே: மேலே லேசான கோடுகள் இருக்கலாம், கேட்பதற்குப் பழுதிருக்கலாகாது என்று அவ்வியாபாரத்தில் பொருள்படும் அத்தரத்தை எழுதி ஒட்டிவிட்டு, முள் நகராத தட்டைக் கொடுப்பது சொன்னதொன்றும் விற்றதொன்றுமாகும்.

கடைக்காரர், ‘கையிலெடுத்துப் பார்த்துத்தானே வாங்கினீர்கள்?’ என்று கேட்கக்கூடும். வாங்குபவர் பொருளைப் பரிசோதித்திருந்தால், அப்பரிசோதனையில் தெரிந்திருக்க வேண்டிய குறைகளுக்கு விற்பவர் பொறுப்பில்லை என்று 16-ஆவது பிரிவு கூறுவது மெய்யே. ஆனால் அவ்விலக்கு அப்பிரிவு பேசும் தரத்தைப் பற்றியதேயன்றி, 15-ஆவது பிரிவின் விவரத்தைப் பற்றியதன்று. ஆகையால் கீறலைப் பின்னுக்கு வைத்து, சீட்டில் எழுதிய சொற்களையே தங்கள் வழக்கின் அஸ்திவாரமாகக் கொள்ளுங்கள்.

அதற்குச் சாட்சியம் வேண்டும். கடைசிப் பாட்டு முடியும் இடத்துக்கும் லேபிளுக்கும் நடுவேயுள்ள வழுவழுப்பான வளையத்தை விளக்கடியில் சாய்த்துப் பிடித்தால், அங்கே பொறித்த எண்ணும் எழுத்தும் தெரியும். மறு அச்சுக்கும் பழைய அச்சுருவையே உபயோகிப்பதுண்டாதலால், அவ்வெண்ணை மாத்திரம் நம்பலாகாது. லேபிளின் நிறம், எழுத்தமைப்பு, உறையில் கண்ட கம்பெனி விலாசம் ஆகியவற்றையும் சந்தேகத்துக்கிடமில்லாத முதல் அச்சுப் பிரதியோடு ஒப்பிட்டுப் படமெடுத்து வையுங்கள். தங்கள் வீட்டு முள்ளே தட்டைக் கெடுத்தது என்ற ஆட்சேபம் எழாதிருக்க, வேறொரு நல்ல பிளேயரிலும் போட்டு, முள் சுற்றுவதை வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். உறைமேல் ஒட்டிய சீட்டை எக்காரணத்தாலும் கிழித்துவிடாதீர்கள்.

‘திரும்பப் பெறப்படமாட்டாது’ என்ற முத்திரை தங்களைக் கட்டுப்படுத்தாது. சட்டம் விதித்த நிபந்தனைகளை இருவரும் இசைந்து விலக்கிக்கொள்ள 62-ஆவது பிரிவு அனுமதிக்கிறது என்றாலும், பணம் கைமாறிய பிறகு நீட்டிய சீட்டில் அத்தகைய இசைவைக் காண இயலாது. மேலும், 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், குறையுள்ள பொருளை, ரசீதில் கண்ட கெடுவுக்குள், கெடு குறிக்காவிடில் 30 நாட்களுக்குள், திரும்பப் பெற்றுக்கொண்டு பணத்தைக் கொடுக்க மறுப்பதையும், முறையான ரசீது கொடாமையையும், பொருளின் தரத்தைப் பற்றிப் பொய்யாகச் சொல்வதையும் நேர்மையற்ற வணிக முறைகள் என்றே 2(47)-ஆவது பிரிவில் எண்ணுகிறது. மூன்று வாரம் கழிந்துவிட்ட நிலையில், தங்கள் நிராகரிப்பை இன்றே எழுத்தில் தெரிவியுங்கள். நியாயமான காலம் கடந்தும் வாளாவிருப்பவர் பொருளை ஏற்றுக்கொண்டவராகக் கருதப்பட்டு, நஷ்டஈடு மட்டும் கேட்கும் நிலைக்குத் தள்ளப்படுவார்.

இரண்டாவது தட்டின் விஷயம் இன்னும் கடுமையானது. ஒலிப்பதிவு ஒன்றை வெளியிடுபவர், அதைத் தயாரித்தவர், உரிமையாளர் ஆகியோரின் பெயர், விலாசங்களையும், முதலில் வெளியான ஆண்டையும் தட்டிலும் உறையிலும் காட்டவேண்டும் என்பது 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஏ பிரிவு. அவை இல்லாமை, அனுமதியின்றி அச்சிட்ட தட்டோ என்ற சந்தேகத்துக்கு வலுவான காரணமாகும். அவ்வாறாயின் அதை விற்க விற்பவருக்கே உரிமையில்லை. அவ்வுரிமை உண்டென்பதோ சரக்கு விற்பனைச் சட்டத்தின் 14-ஆவது பிரிவு ஒவ்வொரு விற்பனையிலும் வைத்துள்ள நிபந்தனை. பிறர் வணிகக்குறியை மீறிய லேபிளோடு விற்ற பால் டப்பாக்களைப் பற்றிய நிப்லெட் வழக்கில், 1921-இல் ஆங்கிலேய நீதிமன்றம் இதே நியாயத்தை நிலைநாட்டியது.

ஆனால் எடுத்த எடுப்பிலேயே வழக்குக்குப் போகவேண்டாம். பழைய தட்டுகள் கட்டுக்கட்டாகக் கைமாறும் இவ்வியாபாரத்தில் கடைக்காரரே ஏமாந்திருக்கவும் கூடும். சென்னையில் பழைய பொருட்கள் விற்ற மூர் மார்க்கெட் இருந்த நாளிலிருந்து இத்தகைய கடைகளே மறைந்துபோகவிருந்த சங்கீதத்தைக் காப்பாற்றிக் கொடுத்திருக்கின்றன. ஆகவே விவரங்களைக் குறித்து, தட்டுகளைத் திருப்பித் தரச் சித்தமாயிருப்பதையும் சொல்லி, 15 நாள் அவகாசத்தோடு விரைவுத்தபாலில் ஒரு கடிதம் எழுதுங்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் முறையிடலாம். பயனில்லையெனில், தாங்கள் வசிக்கும் தஞ்சாவூரிலேயே மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்க நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 34-ஆவது பிரிவு வழிசெய்கிறது, சென்னைக்கு அலையவேண்டியதில்லை. ஐந்து லட்சம் ரூபாய் வரை கட்டணமில்லை. வக்கீல் வைத்துத்தான் ஆகவேண்டும் என்பதுமில்லை. காலவரம்பு இரண்டு ஆண்டுகள். ஒன்று மட்டும்: மறுபடி விற்று லாபம் பார்க்க வாங்கியவர் அச்சட்டத்தின்படி நுகர்வோர் ஆகமாட்டார், தாங்கள் கேட்பதற்காக வாங்கியவர் என்பதைப் புகாரில் தெளிவாக எழுதுங்கள்.

இனி பென்டிரைவ். சொந்த உபயோகத்துக்கான நியாயமான பயன்பாட்டைப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52(1)(ஏ) பிரிவு அனுமதிக்கிறது. எனவே முறையாக வெளியான முதல் தட்டைத் தங்கள் வீட்டில் தந்தையார் கேட்பதற்காகப் பதிவு செய்துகொள்வது குற்றமன்று என்பது என் கருத்து. ஆனால் தட்டைத் திருப்பிக் கொடுத்தால் அப்பதிவையும் அழித்துவிடுவதே முறை. இரண்டாவது தட்டைப் பிரதி செய்யாதிருப்பது உத்தமம். பிறருக்கு விநியோகிப்பதோ இணையத்தில் ஏற்றுவதோ கூடாது. ஒலிப்பதிவின் உரிமை, அது வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகள் நீடிக்கும்; 1970-களின் தட்டு இன்னும் அவ்வுரிமைக்குள்ளேயே இருக்கிறது. அது கழிந்த பின்னும், பாட்டெழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் உள்ள உரிமை தனியே நிற்கும்.

இனி எக்கடையில் வாங்கினாலும், தட்டின் பெயர், எந்த அச்சு, என்ன தரம் என்ற மூன்றையும் பில்லில் எழுதித் தரும்படி கேளுங்கள். பிளேயர் இருந்தால் இரண்டு பக்கங்களையும் போட்டுக் கேளுங்கள். தம் சொல்லில் நம்பிக்கையுள்ள வியாபாரி அதை எழுதித் தரத் தயங்கமாட்டார். தயங்குபவரிடம், எழுதித் தரக்கூடிய அளவுக்கு மேல் ஒரு ரூபாயும் கொடுக்கவேண்டாம்.