சாகாத அணுவும் பாடாண மருந்தும்

காட்பாடிச் சந்திப்பில் வந்து நிற்கும் தொடர்வண்டிகளிலிருந்து வங்காளமும் அசாமியமும் பேசுவோர் பலர் நாள்தோறும் இறங்குவர். அவர்களுட் பலர் கையில் மருத்துவச் சீட்டுகளோடு பாலாற்றுப் பாலத்தைக் கடந்து, வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியை நாடிச் செல்வர். 1900ஆம் ஆண்டில் ஐடா ஸ்கடர் அம்மையார் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கிய பணியே இன்று அத்துணைப் பெரிதாய் வளர்ந்துள்ளது. அங்கு வருவோருள் புற்றுநோயாளரும் உளர்.

புற்றுநோய் வெளியிலிருந்து புகுந்த பகை அன்று. சாக வேண்டிய காலத்தில் சாக மறுத்த நம் உயிரணுவே அது. பழுத்த இலை காம்பிலிருந்து தானே கழல்வது போல, மூத்த அணுவும் பழுதுற்ற அணுவும் தாமே மடிதல் உடலின் நெறி. அதற்குரிய ஆணை அணுவின் புறத்தே தோன்றுவதும் உண்டு. அகத்தே தோன்றுவதும் உண்டு. பண்டை அஞ்சலோட்டக்காரர் ஓலையைக் கைமாற்றியது போல, அணுவினுள் ஒரு புரதம் மற்றொரு புரதத்துக்கு அவ்வாணையைச் சேர்ப்பிக்கும். இவ்வழியில் ஓரிடம் அடைபட்டாலும் அணு பிழைத்துக்கொள்ளும், பெருகவும் பெருகும்.

ஆணைகளை அடக்கி ஆளும் சிற்றுருவங்களும் உள. விக்டர் ஆம்பிரோசு, கேரி ரவ்கன் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர், ஒரு மில்லிமீட்டர் நீளமே உள்ள புழுவை ஆராய்ந்து, 1993இல் மைக்ரோ ஆர்.என்.ஏ. என்பதைக் கண்டனர். ஏறத்தாழ 22 எழுத்தே கொண்ட அத்துணுக்கு, புரதம் ஆக்கச் சொல்லும் செய்தியோடு ஒட்டி அதன் வாயை அடைத்துவிடும். இருவருக்கும் 2024இல் நோபல் பரிசு கிடைத்தது. முதியோரைப் பற்றும் ஒருவகைக் குருதிப் புற்றில் இத்துணுக்குகளுள் 15, 16 என்னும் எண்ணுடைய இரண்டும் பெரும்பாலும் அழிந்தோ குறைந்தோ போவதை 2002இல் கண்டனர். சாவைத் தடுக்கும் பி.சி.எல்.2 என்னும் புரதத்தை அடக்குவன அவையே என்பது 2005இல் தெளிவாயிற்று. காவலர் நீங்கவே, அப்புரதம் மிகுந்து அணுவைச் சாகவிடாது காக்கிறது!

மற்றொரு குருதிப் புற்று இதனினும் கொடிது. அதில் 15ஆம் நிறப்புரியும் 17ஆம் நிறப்புரியும் முறிந்து துண்டு மாறி ஒட்டிக்கொள்ளும். அவ்வொட்டிலிருந்து பிறக்கும் புரதம் வெள்ளணுவை முதிரவிடாது இளமையிலேயே நிறுத்திவிடும். நோயாளி குருதி ஒழுக்கால் சில நாளிலேயே இறத்தலும் கூடும். இந்நோய்க்கு வழங்கிய மருந்துகளோ ஏழைகளுக்கு எட்டா விலையின.

வெள்ளைப் பாடாணம் கொடிய நஞ்சென்பது யாவரும் அறிந்ததே. ஆயினும் பாடாணங்களைச் சுத்தி செய்து மருந்தாக்கும் முறை நம் சித்த மருத்துவத்துக்குப் புதிதன்று. சீனத்தின் ஹார்பின் நகர மருத்துவர் 1970களில் இதனை மேற்கூறிய குருதிப் புற்றுக்கு ஊசி வழியே செலுத்தலாயினர். இந்நஞ்சு அப்பொல்லாப் புரதத்தைப் பற்றிச் சிதைவுறச் செய்கிறது; தடை நீங்கிய அணு முதிர்ந்து தன் காலத்தில் மடிகிறது. அளவு மிகின் இதயத் துடிப்பைக் கெடுக்குமாதலின், மில்லிகிராம் கணக்கில் அளந்து, மருத்துவர் கண்காணிப்பிலேயே அதனைத் தருவர்.

வேலூர் மருத்துவர், விக்ரம் மேத்யூசு முதலியோர், 1998 முதல் 2004 வரை 72 நோயாளருக்கு இவ்வொரு மருந்தையே முதன்மையாக அளித்தனர். அவர்களுள் 62 பேர் குருதியில் நோயின் அறிகுறி நீங்கப் பெற்றனர். எஞ்சிய பதின்மருக்கு அந்நிலை வாய்க்கவில்லை. 2006இல் இம்முடிவு வெளியாயிற்று.